கடற்கரைச் சாலை மேரி கட்டடத்தின் வயது என்ன?

லாஸ்பேட்டைவாசி கேட்டது:

புதுச்சேரி மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக் காலத்து நகராட்சி அலுவலகம் (பிரெஞ்சில் அதற்குப் பெயரே ‘மேரி’), பற்றி விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இது ஒரு சண்டையாகவே ஆகிவிட்டது. வெளியூரிலிருந்து வந்திருக்கும் மச்சினர் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "1870-ல் கட்டியது, நூற்றைம்பது வருஷக் கட்டடம்" என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார். 2014 மழையில் அது இடிந்து செங்கல் குவியலாகக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதே இடத்தில் இப்போது வெள்ளை வெளேரென்று நிற்பதை எப்படி நூற்றைம்பது வருஷம் என்று சொல்வது?

இன்னொரு சந்தேகமும் உண்டு. பிரெஞ்சுத் தெருக்களில் அதைவிட வயதான வீடுகள் எத்தனையோ நிற்கின்றன. இது மட்டும் ஏன் விழுந்தது? யாரைக் கேட்டாலும் "கடல் உப்பு அரித்துவிட்டது" என்கிறார்கள். பழைய கலங்கரை விளக்கமும் அதே கடற்கரையில்தானே நிற்கிறது, அதுவும் 1836-லிருந்து?

கடைசியாக ஒன்று, இது அம்மாவுக்காக. பாட்டி 1920-களில் புதுச்சேரி நகரத்துக்குள் பிறந்தவர். அந்தக் காலத்தில் பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாம் மேரியில்தான் பதிவு. கட்டடம் விழுந்ததோடு அந்தப் பதிவேடுகளும் போய்விட்டனவா?

---

சுண்ணாம்புக்கை எழுதியது:

இரண்டு பேரும் சரி என்று சொல்லிச் சமாதானம் செய்துவைக்க எனக்கு இஷ்டமில்லை. நீங்கள் சொல்வதுதான் சரி. 1870–71-ல் கட்டிய மேரி, 2014 நவம்பர் 29 அன்று அடைமழையில் விழுந்தது. இப்போது நிற்பது அதன் அச்சில் புதிதாக எழுப்பியது. சுமார் 15 கோடி ரூபாய் செலவு. உலக வங்கி உதவியோடு நடந்த கடலோரப் பேரிடர் அபாயக் குறைப்புத் திட்டத்தில் சேர்த்துக் கட்டினார்கள். 2021 பிப்ரவரி 25-ல் பிரதமர் திறந்துவைத்தார். உங்கள் பிள்ளைகளின் வயதுக்குப் பக்கத்தில்தான் அதன் வயது இருக்கும்.

பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். அப்பா கொத்தனார், சுண்ணாம்பை ஊறவைத்து அரைத்து வேலை செய்த காலத்து ஆள். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 1870. பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் பேரரசர் பிரஷ்யாவோடு போருக்குப் போய், செப்டம்பரில் ஆட்சியை இழந்து, குடியரசு வந்த வருஷம் அது. இங்கே அதற்கு முந்தைய பத்துப் பதினைந்து வருஷங்களில் பொதுக் கட்டட வேலைகள் மும்முரமாக நடந்தன. பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபம் அந்தப் பேரரசர் காலத்தது, முத்திரையர்பாளையத்துத் தண்ணீர் நகரத்துக்கு வந்த நினைவாக எழுப்பியது. மேரியும் அதே ரசனையில் வந்ததுதான். தூண், வளைவு, மேலே கைப்பிடிச்சுவர், இடமும் வலமும் சரிசமமான முகப்பு. கிரேக்க, ரோமானிய அழகைப் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் கைக்கு ஏற்ப வளைத்துக்கொண்ட பாணி.

பலருக்கும் தெரியாத ஒன்று: புதுச்சேரியின் மிகப் பழைய கட்டடங்களில் மேரி எப்போதுமே இருந்ததில்லை. 1761-ல் ஆங்கிலேயர்கள் நகரத்தைப் பிடித்து வெள்ளையர் பகுதியைத் தரைமட்டமாக்கினார்கள். அங்கே இன்று "பிரெஞ்சுக் காலம்" என்று நாம் காட்டுவதில் பெரும்பகுதி அதற்குப் பிறகு எழுந்தது. மேரி அதிலும் இன்னும் நூறு வருஷம் பிந்தியது. தேர்தலில் வந்த நகராட்சி மன்றம் அதைவிடவும் பிந்தியது, 1880 மார்ச் 12 ஆணையால் உண்டானது. கட்டடம் முந்தி, மன்றம் பிந்தி.

கடலைப் பார்த்த இரண்டு மாடி. கீழே அலுவலகங்கள், மேலே தூண்கள் வைத்த பெரிய கூடம், அதிலிருந்து வெளியே வந்தால் கடல். உயரமான கூரை, ஆள் உயரத்துக்கு மேல் போகும் மரப்பலகைச் சன்னல்கள். சன்னலை மூடினாலும் பலகை இடுக்கு வழியாகக் காற்று வரும், வெயில் வராது. மின்விசிறி இல்லாத காலத்தில் இந்த ஊர் மே மாதத்தில் உட்கார்ந்து கோப்பு பார்க்க வேறு என்ன வழி? வரைபடம் பிரெஞ்சுக்காரருடையது. ஆனால் செங்கல்லும் சுண்ணாம்பும் கொத்துக்கரண்டி பிடித்த கையும் நம்மூருடையவை. முகப்பை மட்டும் பார்த்துவிட்டு "பிரெஞ்சுக் கட்டடம்" என்று எழுதுகிறவர்கள் ஒருமுறை தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்திருக்கலாம். அது அப்பட்டமான மெட்ராஸ் டெரஸ்.

அது ஏன் விழுந்தது என்பதற்கு அந்தக் கூரைதான் பதில். தேக்கு உத்திரங்களின் மேல் குறுக்குக் கட்டைகளை நெருக்கமாக அடுக்குவார்கள். அதன்மேல் சின்னச் சின்ன மெல்லிய செங்கற்களைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டாக, சுண்ணாம்புச் சாந்தில் பதித்துக்கொண்டே போவார்கள். அது இறுகியதும் உடைத்த செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாலு விரல் கனத்துக்குக் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் தட்ட வேண்டும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே நாள்கணக்கில் தட்டுவார்கள் என்று அப்பா சொல்வார். கட்டை பட்டால் எகிற வேண்டும், அதுவரை விட மாட்டார்கள். கடைசியில் தட்டையான ஓடுகளைப் பதித்து, தண்ணீர் தூம்புக்கு ஓடும்படி வாட்டம் கொடுத்தால் வேலை முடிந்தது.

இப்படிப் போட்ட தளம் தலைமுறை தலைமுறையாக நிற்கும். ஒரு நிபந்தனை உண்டு. ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் மாடி ஏறிப் பார்க்க வேண்டும். தூம்பில் இலை அடைத்திருந்தால் எடுக்க வேண்டும், ஓட்டு இடுக்கில் விரிசல் இருந்தால் சுண்ணாம்பு வைத்து அடைக்க வேண்டும், கைப்பிடிச்சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் வேரோடு பிடுங்க வேண்டும். வருஷம் ஒரு நாள் கூலிக்கான வேலைதான். அதைச் செய்யாமல் விட்டால் தண்ணீர் தேங்கி, மெதுவாக இறங்கி, சுவருக்குள் புதைந்திருக்கும் கட்டையின் நுனியைப் பிடிக்கும். காற்றுப் படாத இடம் என்பதால் முதலில் உளுப்பதே அந்த நுனிதான். கரையானும் அங்கேதான் வரும். கீழே நின்று பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு கட்டை பிடி விட்டதும் பாரம் பக்கத்துக் கட்டைக்குப் போகும். கூரை போன பிறகு அந்த உயரச் சுவர்களைப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. நனைந்து கனத்துப்போன சுவர் ஒரு கார்த்திகை மழையில் சாய்வதில் ஆச்சரியமே இல்லை. விழுவதற்கு முன்பே அந்தக் கட்டடம் ஆண்டுக்கணக்கில் சிதிலமாகிக் கிடந்தது ஊருக்கே தெரியும்.

கடல் உப்புக்கும் பங்கு இல்லாமல் இல்லை. உப்புக் காற்று காரையைப் பொரிய வைக்கும், செங்கல் மாவாக உதிரும். ஆனால் சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே வாங்கினாலும் வெளியே விட்டுவிடும். பழுதுபார்க்கிறேன் என்று அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும், உப்பு செங்கல்லுக்குள்ளேயே பூக்கும். சிமென்ட் பூசி ரெண்டு வருஷத்தில் பாளம் பாளமாகப் பெயர்ந்த சுவர்களை நான் நிறையக் கொத்தி எடுத்திருக்கிறேன். கலங்கரை விளக்கத்தை நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. அது உருண்டையான கோபுரம். மழை ஓரமாக வழிந்து போய்விடும். அகலமான மரக்கட்டைத் தளம் கிடையாது. உப்புக் காற்று இரண்டுக்கும் ஒன்றுதான், கூரை வேறு.

பாட்டியின் பதிவு பற்றி என்னைவிட விவரமானவர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்கள் சொல்லட்டும்.

---

குருசுக்குப்பத்தான் எழுதியது:

எல்லாம் சரி அண்ணே, ஆனால் இதைப் "பாரம்பரியக் கட்டடம்" என்று சொல்வதுதான் எனக்கு ஒப்பவில்லை. சினிமா செட் போட்ட மாதிரி இருக்கிறது. ஒரு கறை இல்லை, ஒரு விரிசல் இல்லை. அந்தப் பணத்தில் இன்னும் விழாமல் நிற்கிற எத்தனை கட்டடத்தைக் காப்பாற்றியிருக்கலாம்?

அப்புறம் இன்னொரு வேடிக்கை. மேரி என்றால் நகராட்சி மன்றம் கூடும் இடம். 1968-க்குப் பிறகு 2006-ல்தான் இங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த மன்றத்தின் காலம் 2011-ல் முடிந்தது. 2021-ல் தேர்தல் அறிவித்து, அதுவும் வழக்கில் நின்றுபோனது. கட்டடத்தைத் திருப்பிக் கட்டிவிட்டோம், உட்கார ஆள் எங்கே?

---

சுண்ணாம்புக்கை எழுதியது:

தம்பி, தேர்தல் விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டையே கிடையாது.

செட் என்பதில்தான் ஒப்பவில்லை. வெனிஸ் நகரத்தில் மார்க் சதுக்கத்து மணிக்கூண்டு 1902 ஜூலையில் அப்படியே குவியலாக விழுந்தது. அதே இடத்தில் அதே உருவத்தில் கட்டி 1912-ல் திறந்தார்கள். இன்று அதை யாரும் செட் என்பதில்லை. கடற்கரைச் சாலையின் முகம் ஒரு வரிசை. நடுவில் ஒரு பல் விழுந்தால் முழு வரிசையும் கெடும். அங்கே கண்ணாடி மாளிகை ஒன்று வந்திருந்தால் நீங்களும் நானும் இங்கே வேறு மாதிரி புலம்பிக்கொண்டிருப்போம். வெள்ளைப் பூச்சைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், நாலைந்து மழைக்காலம் போனால் கறை தானாக வரும்.

எனக்கு இருக்கும் ஆத்திரம் வேறு. கட்டிய ஆண்டு, விழுந்த ஆண்டு, திரும்ப எழுந்த ஆண்டு மூன்றையும் வாசலில் பெரிய எழுத்தில் கல்வெட்டாக வைக்க வேண்டும் என்பேன். விழுந்ததைச் சொல்லாவிட்டால் லாஸ்பேட்டைக்காரரின் மச்சினர் போலத்தான் எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். அடுத்த கட்டடத்தின் தூம்பை யாரும் ஏறிப் பார்க்கவும் மாட்டார்கள்.

---

சொல்தாபேத்தி எழுதியது:

வணக்கம். பாரீஸ் புறநகரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவர். அவர் வழியில் எங்கள் குடும்பப் பதிவுகளைத் தேடிய அனுபவத்தில் சொல்கிறேன், லாஸ்பேட்டை அண்ணா, அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பிரெஞ்சு நிர்வாகத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. குடியேற்ற நாடுகளில் எழுதும் குடிமைப் பதிவேட்டின் ஒரு படி பிரான்சுக்குப் போக வேண்டும் என்று 1776-லேயே அரசாணை போட்டுவிட்டார்கள். கப்பல் மூழ்கினாலும் கோட்டை எரிந்தாலும் ஒரு படி மிஞ்சட்டும் என்பதற்காக. அவை இப்போது எக்ஸான் புரொவான்சில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பழைய ஆண்டுகளுக்கான பக்கங்களைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாகப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். ஒரே கட்டடத்தை நம்பி அந்தப் பதிவுகள் இருந்ததில்லை.

1920-கள் என்பதால் இணையத்தில் உடனே கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பாட்டி 1962-ல் என்ன முடிவெடுத்தார் என்று முதலில் அம்மாவிடம் கேளுங்கள். அந்த வருஷம் ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி இந்தியாவோடு இணைந்தது சட்டப்படி முழுமையானபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க அவகாசம் இருந்தது. எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியர்கள் ஆனார்கள். பாட்டி பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர் என்றால் நாந்த் நகரத்தில் உள்ள மத்தியக் குடிமைப் பதிவு அலுவலகத்துக்கு எழுதலாம். இல்லையென்றால் புதுச்சேரி நகராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் கேளுங்கள். ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால் முன்னும் பின்னும் ரெண்டு மூன்று வருஷம் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள். பிறந்த தெருவும் தகப்பனார் பெயரும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

தேடும்போது எழுத்துக்கூட்டலில்தான் எல்லோரும் திணறுகிறார்கள். பிரெஞ்சு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது அது. சண்முகம் என்ற பெயரை ஆங்கில ‘எஸ்’ வரிசையில் தேடினால் கிடைக்காது, ‘சி’ வரிசைக்குப் போங்கள். முத்து, சுப்பு மாதிரிப் பெயர்களில் உகரம் வரும் இடமெல்லாம் ‘ஓ’, ‘யூ’ என்று இரண்டு எழுத்து நிற்கும்.

இன்னொன்றையும் விசாரியுங்கள். 1881 செப்டம்பர் ஆணைப்படி, இந்து வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டுப் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள் ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, லாபோர்த் ஆனது அப்படித்தான். சப்பாத்து போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் வந்தார் என்று 1873-ல் தகராறு செய்தார்களே, அதே மனிதர். உங்கள் பாட்டியின் தகப்பனாரோ தாத்தாவோ அப்படிப் பெயர் மாற்றியிருந்தால், தமிழ்ப் பெயரில் தேடினால் எதுவுமே அகப்படாது. வீட்டில் பழைய கல்யாணப் பத்திரமோ நிலப் பத்திரமோ இருந்தால் அதில் என்ன பெயர் என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

---

லாஸ்பேட்டைவாசி எழுதியது:

ரொம்ப நன்றி. அம்மாவிடம் கேட்டேன், பாட்டி எழுதிக் கொடுக்கவில்லையாம். தாத்தாவுக்கு விருப்பம் இருந்ததாம், பாட்டிதான் கப்பல் ஏற மாட்டேன் என்றாராம். அப்படியானால் நகராட்சிதான். பழைய நிலப் பத்திரம் ஒன்று பெட்டியில் இருக்கிறது, பிரெஞ்சில். தேடிப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.

சுண்ணாம்புக்கை ஐயா, மச்சினர் ஞாயிறு வரை இருக்கிறார். விழாத, மாற்றிக் கட்டாத பழைய வேலையை அவருக்குக் காட்ட வேண்டும் என்றால் எங்கே அழைத்துப் போகலாம்?

---

சுண்ணாம்புக்கை எழுதியது:

கடற்கரையை விட்டு மேற்கே வாருங்கள், பெரிய வாய்க்காலைத் தாண்டி. பெரிய மார்க்கெட் பக்கம், ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு இருக்கிறது. 1730-களில் கட்டியது, 1761 இடிப்புக்கும் தப்பியது. கீழ்த்தளத்தில் நம்மூர் மரத்தூண்களும் முற்றமும், மேல்தளத்தில் பிரெஞ்சு பாணித் தூண்களும். இரண்டு ரசனையும் ஒரே வீட்டில் மாடி மேல் மாடியாக நிற்பதை வேறு எங்கும் இவ்வளவு தெளிவாகக் காட்ட முடியாது. மேரிக்கு நூற்றுமுப்பது வருஷம் மூத்தது. உள்ளே விடுவார்களா என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்புப் பூச்சுக்கு, துய்மா வீதியில் சம்மனசுகளின் ஆண்டவள் கோவிலுக்குப் போங்கள். 1855-ல் லூயி கேர் என்ற பொறியாளர் கட்டியது. உள்சுவரை உற்றுப் பாருங்கள், சிமென்ட் பூச்சில் அந்த வழவழப்பு வராது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சாந்து என்பார்கள்.

மெட்ராஸ் டெரஸ் பார்க்கத் தனியாக எங்கும் போக வேண்டாம். அந்தத் தெருக்களில் உள்ள பழைய வீட்டு ஓட்டல் எதிலாவது ஒரு காப்பி சொல்லிவிட்டு அண்ணாந்து பாருங்கள். நெருக்கமாகக் கட்டைகள், இடையில் மூலைவாட்டாகச் செங்கல் வரிசை தெரிந்தால் அதுதான். சில இடங்களில் அழகுக்காகக் கான்கிரீட் தளத்தின் அடியில் வெறும் கட்டையை ஒட்டியிருப்பார்கள். சந்தேகம் இருந்தால் கட்டை சுவருக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். அங்கே ஈரக்கறை இருந்தால் முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள், ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது.